சோலைக்குள் ஒரு சிறு குரல்



நம் பள்ளி வேலியோரத்துச் செம்பருத்திச் செடிகளை நாம் நாள்தோறும் கடந்து செல்கிறோம். காலை மணி அடிப்பதற்கு முன் ஒரு நாள் அங்கே பேசாமல் நின்று பாருங்கள். “டுவிட், டுவிட், டுவிட்” என்று ஓயாமல் ஒரு குரல் கேட்கும். குரலின் கனத்தை வைத்து மைனாவைப் போன்ற பறவையாக இருக்கும் என்று தேடினால் ஏமாந்து போவோம். இலைகளுக்கு நடுவே, நம் உள்ளங்கைக்குள் அடங்கிவிடக்கூடிய ஒரு சின்னஞ்சிறு பறவை, வாலைத் தூக்கிக்கொண்டு தத்தித் தத்தித் திரிந்துகொண்டிருக்கும். அதுதான் தையல்சிட்டு. இலையின் ஓரங்களைச் சேர்த்துப் பஞ்சாலும் சிலந்தி நூலாலும் தைத்துக் கூடு கட்டும் கெட்டிக்காரி. ‘மூர்த்தி சிறிதானாலும் கீர்த்தி பெரிது’ என்பார்களே, அது இந்தச் சிட்டுக்கு நன்றாகப் பொருந்தும்.

இத்தனை சிறிய உடலுக்கு ஏன் இத்தனை பெரிய குரல்? அடர்ந்த புதருக்குள் வாழும் பறவைக்கு அழகிய சிறகை விரித்துக் காட்டிப் பயனில்லை. பார்ப்பவர் கண்ணுக்கும் பறவைக்கும் இடையே ஆயிரம் இலைகள் இருக்கின்றன. ‘இது என் இடம்’ என்று அயலானுக்கு எச்சரிக்கை விடுவதும், ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்று துணைக்குத் தெரிவிப்பதும் குரலால்தான் முடியும். இருட்டறையில் விளக்கு அணைந்துபோனால் நாமும் ஒருவரையொருவர் கூப்பிட்டுத்தானே இருப்பிடத்தை அறிகிறோம்?

புதர்ப் பறவைகளின் இந்த இயல்பு உலகெங்கும் ஒன்றாகவே இருக்கிறது. அதற்கு ஒரு தொலைதூரச் சான்றை முதலில் பார்த்துவிட்டு, நம் தமிழ்நாட்டு மலைகளில் மறைந்து வாழும் ஒரு பறவையைப் பற்றிச் சொல்லப் போகிறேன். அந்தப் பறவையை நம்மில் பெரும்பாலோர் கண்டதில்லை. ஆயினும் நம் ஊர் வாய்க்காலுக்கும் அதற்கும் ஓர் உறவு உண்டு.

அமெரிக்கக் காட்டின் ரென் குருவிகள்

மெக்சிகோ நாட்டிலிருந்து தென் அமெரிக்கா வரையுள்ள ஈரமான வெப்பமண்டலக் காடுகளில் ரென் என்னும் குருவிக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பேரினம் வாழ்கிறது. அறிவியலார் இதற்கு 1868-ஆம் ஆண்டில் ஹெனிகோரைனா என்று பெயரிட்டனர். ‘காட்டு ரென்’ என்று நாம் சொல்லலாம். உடல் நீளம் 11 சென்டிமீட்டர் அளவுதான். குட்டை வால், கன்னத்தில் கறுப்பு வெள்ளைக் கோடுகள். தரையை ஒட்டிய செடிகொடிகளுக்குள்ளேயே பூச்சிகளைத் தேடி வாழ்நாளைக் கழிக்கும். ஆணும் பெண்ணும் ஒருவர் விட்ட இடத்திலிருந்து மற்றவர் தொடர்ந்து இணைந்து பாடுவதும் உண்டு.

இந்தப் பேரினத்தில் இன்று ஐந்து சிற்றினங்கள் அறியப்பட்டுள்ளன. அவற்றுள் ஒன்று கொலம்பியா நாட்டின் முன்சிகே மலைப் பகுதியில் மேகம் தவழும் காட்டில் வாழ்கிறது. அது தனிச் சிற்றினம் என்று 2003-ஆம் ஆண்டில்தான் உலகுக்குத் தெரிய வந்தது. பார்வைக்கு அக்கம்பக்கத்து ரென் குருவிகளைப் போலவே இருந்த அதனைப் பிரித்துக் காட்டியதில் அதன் பாட்டுக்குப் பெரும் பங்கு உண்டு. அதே நாட்டில் கடற்கரையை ஒட்டித் தனித்து நிற்கும் சாந்தா மார்த்தா மலையில் இன்னொரு வியப்பு. ஒரே மலையின் கீழ்ச்சரிவில் ஒரு வகை ரென். மேற்சரிவில் வேறொரு வகை ரென். இரண்டுக்கும் பாட்டு வேறு.

இதிலிருந்து இரண்டு பாடங்களை நாம் கற்கலாம். ஒன்று: மலைக்காடு என்பது கடல் நடுவே உள்ள தீவைப் போன்றது, அங்கே தனித்துவிட்ட உயிர் நாளடைவில் தனி இனமாகிவிடும். மற்றொன்று: கண்ணால் மட்டும் தேடினால் சில உயிர்களைக் கடைசிவரை அறியாமலே போய்விடுவோம், காதும் வேண்டும்.

இந்த இரண்டு பாடங்களையும் நமக்குச் சொல்லித் தர ஒரு பறவை நீலகிரியிலும் பழனிமலையிலும் இருக்கிறது.

நம் மலைகளின் சோலைக்கிளி

‘சோலைக்கிளி’ என்றவுடன் பச்சை நிறமும் சிவந்த மூக்கும் உள்ள கிளியை நினைத்துக்கொள்ள வேண்டாம். மலையாளத்தில் கிளி என்றால் பொதுவாகப் பறவை என்றே பொருள். சோலையில் வாழும் பறவை ஆதலால் சோலைக்கிளி. இது ரென் குடும்பத்தைச் சேர்ந்ததும் அன்று. ஆனால் வாழும் இடமும் வாழும் முறையும் அமெரிக்கக் காட்டு ரென்னை நினைவூட்டும்.

ஏறக்குறைய 15 சென்டிமீட்டர் நீளம், நீண்ட கால்கள், குட்டையான சிறகுகள். முதுகும் மார்பும் மழைமேகத்தைப் போன்ற கருநீலம். நீலகிரிச் சோலைக்கிளிக்கு வயிற்றின் இருபக்கமும் செம்பழுப்பு நிறம் இருக்கும். பழனிமலை, ஆனைமலைப் பகுதிகளில் வாழும் வெண்வயிற்றுச் சோலைக்கிளிக்கு விலாப்பக்கமும் நீலமாக, வயிறு மட்டும் வெள்ளையாக இருக்கும். ஆணுக்கும் பெண்ணுக்கும் நிறத்தில் பெரிய வேறுபாடு இல்லை.

மக்கிய இலைகள் மெத்தையாகக் கிடக்கும் சோலைத் தரையில் இலைகளைப் புரட்டிப் பூச்சி புழுக்களைத் தின்பது இதன் தொழில். விடிவதற்குச் சற்று முன்னும் அந்தி மயங்கும் வேளையிலும் மிகுதியாக நடமாடும். மரப்பொந்திலோ ஓடைக்கரையின் மண் பொந்திலோ பாசியையும் மெல்லிய வேர்களையும் கொண்டு கூடு அமைத்து, பெரும்பாலும் இரண்டே முட்டைகள் இடும். இனப்பெருக்கக் காலத்தில் ஆண் பறவை மறைவான கிளையில் அமர்ந்து நீண்ட சீழ்க்கையாகப் பாடும். மூடுபனிக்குள் யாரோ சிறுவன் சீட்டி அடித்துக்கொண்டு நடப்பதைப் போலத் தோன்றும். பாடுவது யார் என்று எட்டிப் பார்த்தால் இலைகள் மட்டுமே தெரியும்.

சோலை என்றால் என்ன?

நம் ஊர்ப்பக்கம் சோலை என்றால் மாந்தோப்பையும் தென்னந்தோப்பையும் எண்ணுவோம். மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சிப் பகுதிகளில், பெரும்பாலும் 1,400 மீட்டர் உயரத்துக்கு மேல், பள்ளத்தாக்குகளில் மட்டும் அடர்ந்து வளரும் குட்டைக் காட்டுக்கே அங்குள்ள மக்கள் சோலை என்று பெயர் வைத்தார்கள். அந்தத் தமிழ்ச் சொல்லையே உலக அறிவியலாரும் எடுத்துக்கொண்டு ‘ஷோலா’ என்று வழங்குகின்றனர். இது நமக்குப் பெருமை அல்லவா?

சோலையின் மரங்கள் காற்றுக்கு அஞ்சியவை போலத் தலை குனிந்து, ஒன்றையொன்று ஒட்டி நிற்கும். கிளைகளில் பாசி போர்த்தியிருக்கும். மலைச் செண்பகமும் நாவல் இனத்து மரங்களும் மரத்தைப் போல் உயர்ந்த பெரணிகளும் ஆர்க்கிட் மலர்களும் அங்கே உண்டு. சோலையைச் சுற்றிலும் மேட்டுப் பகுதி முழுவதும் புல்வெளி. புல்வெளியில் ஆங்காங்கே காட்டுப்பூவரசு செந்நிறமாய்ப் பூத்திருக்கும். சோலையும் புல்வெளியும் கைகோத்து வாழும் இந்த அமைப்பு மிகவும் தொன்மையானது. ‘மரம் இல்லாத இடம் வீணான இடம்’ என்ற நம் எண்ணம் இங்கே தவறாகிவிடுகிறது. புல்வெளியும் காட்டைப் போலவே ஒரு செல்வம்.

பெயர் தேடி அலைந்த பறவை

சோலைக்கிளி அறிவியல் உலகுக்குப் புதியதன்று. சென்னை இராணுவத்தில் மருத்துவராயிருந்த ஜெர்டன் என்ற ஆங்கிலேயர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியிலேயே நீலகிரிப் பறவையைப் பற்றி எழுதினார். நிலவியல் அறிஞர் பிளான்போர்டு பழனிமலையின் வெண்வயிற்றுப் பறவைக்கு 1868-ஆம் ஆண்டில் பெயரிட்டார். அமெரிக்கக் காட்டு ரென் குருவிக்குப் பேரினப் பெயர் கிடைத்த அதே ஆண்டு!

ஆனால் பெயர் வைத்ததோடு குழப்பம் தீரவில்லை. கூடத்தில் நிற்கும் பிள்ளையை ‘இவள் யார் வீட்டுப் பெண்?’ என்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு குடும்பத்தைச் சொல்வதைப் போல ஆயிற்று. ஜெர்டன் இதை ஒரு கூட்டத்தில் சேர்த்தார். பின் வந்தவர்கள் இமயமலைப் பகுதியிலுள்ள குறுஞ்சிறகுப் பறவைகளோடு சேர்த்தார்கள். நீலகிரிப் பறவையும் பழனிப் பறவையும் ஒரே சிற்றினத்தின் இரண்டு வகைகள் என்று நெடுங்காலம் கருதப்பட்டது. 2005-ஆம் ஆண்டில் வெளிவந்த தெற்காசியப் பறவை நூல் ஒன்று இரண்டையும் தனித்தனிச் சிற்றினங்களாகப் பிரித்து, வேறொரு பேரினத்துக்கு மாற்றியது.

உண்மையான குடும்பத்தைக் கண்டுபிடிக்க மரபணு ஆய்வு தேவைப்பட்டது. வி. வி. ராபின் என்ற ஆய்வாளரும் அவருடைய தோழர்களும் மலை மலையாக ஏறினார்கள். மெல்லிய வலையில் பறவையைப் பிடித்து, அளவெடுத்து, ஒரு துளி இரத்தம் எடுத்துக்கொண்டு, காலில் அடையாள வளையமிட்டுப் பறக்கவிட்டார்கள். அதிகாலைப் பாட்டுகளை ஒலிப்பதிவு செய்தார்கள். இந்த ஆய்வுக் குழுவில் பெங்களூர்த் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தின் உமா ராமகிருஷ்ணன், அப்போது சிகாகோ நகரின் லயோலா பல்கலைக்கழகத்தில் பணிபுரிந்த சுஷ்மா ரெட்டி, பூஜா குப்தா ஆகிய பெண் அறிவியலாரும் இருந்தனர் என்பதைப் பெண்கள் பள்ளியில் படிக்கும் நாம் மறந்துவிடக் கூடாது.

2017-ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்ட முடிவு வியப்பானது. இந்தப் பறவை குறுஞ்சிறகுக் கூட்டத்தைச் சேர்ந்ததன்று. ஈப்பிடிப்பான்களுக்கு நெருங்கிய உறவு. அந்தக் கூட்டத்திலும் வேறு எந்தப் பேரினத்தோடும் சேராமல் தனித்து நிற்கிறது. ஆகவே இதற்கென்றே ஒரு புதிய பேரினம் அமைக்கப்பட்டது. பெயர் சோலிகோலா. சோலை என்ற நம் சொல்லோடு, ‘குடியிருப்பது’ என்னும் பொருளுள்ள இலத்தீன் சொல்லைச் சேர்த்து அமைத்த பெயர் அது. ‘சோலையில் குடியிருப்பவள்’ என்று நாம் தமிழாக்கலாம். நம் மலைகளின் சிரிப்பான் பறவைகளுக்கும் அதே ஆய்வில் மற்றொரு புதிய பேரினம் கிடைத்தது.

எண்ணிப் பாருங்கள், தோழியரே! உதகமண்டலமும் கொடைக்கானலும் ஆண்டுதோறும் இலட்சக்கணக்கான மக்கள் சென்று வரும் இடங்கள். ஏரியையும் பூங்காவையும் படம் எடுக்காதவர் இல்லை. அவற்றுக்கு அருகே, உலகில் வேறெங்கும் இல்லாத ஒரு பறவைப் பேரினம் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகத் தவறான முகவரியோடு பாடிக்கொண்டிருந்திருக்கிறது.

வானத்துத் தீவுகள்

நீலகிரிப் பறவையும் பழனிப் பறவையும் ஏன் வெவ்வேறாயின? இதை விளக்கப் புவியியல் பாடத்தை நினைவுபடுத்திக்கொள்வோம். திருச்சியிலிருந்து கரூர், ஈரோடு, கோவை வழியாகப் பாலக்காட்டுக்குச் செல்லும் இரயிலில் பயணம் செய்தவர்கள் ஒன்றைக் கவனித்திருக்கலாம். கோவையைத் தாண்டியதும் மேற்கே பெருமலைத் தொடர் குறுக்கே நிற்க வேண்டும். ஆனால் இரயில் மலை ஏறாமலே கேரளத்துக்குள் நுழைந்துவிடுகிறது. அதுதான் பாலக்காட்டுக் கணவாய். ஏறக்குறைய 30 கிலோமீட்டருக்கு மேல் அகலமுள்ள தாழ்நிலம் அது. வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலையும் பழனிமலையும்.

நமக்கு அது வசதியான வழி. சோலைக்கிளிக்கோ அது கடல். உயரே செல்லச் செல்ல ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் வெப்பம் ஏறக்குறைய 6 டிகிரி குறைகிறது. கடல் மட்டத்திலிருந்து 100 மீட்டர் உயரம்கூட இல்லாத நம் ஊர் மே மாதத்தில் வெந்து தணியும்போது, 2,100 மீட்டர் உயரத்திலுள்ள கொடைக்கானலில் கம்பளி போர்த்த வேண்டியிருப்பது இதனால்தான். குளிர்ந்த, ஈரமான, நிழலான தரைக்கென்றே அமைந்த பறவை, வெயில் கொளுத்தும் சமவெளியைத் தன் குட்டைச் சிறகால் கடந்து செல்ல முடியாது. ஆகவே ஒவ்வொரு மலையுச்சியும் ஒரு தீவு. இவற்றை ‘வானத்துத் தீவுகள்’ என்று அறிவியலார் அழைப்பது எத்தனை பொருத்தம்!

இவ்வாறு பல இலட்சம் ஆண்டுகள் பிரிந்திருந்ததால் கணவாய்க்கு இருபுறமும் இரண்டு சிற்றினங்கள் தோன்றின. இன்னும் தெற்கே செங்கோட்டைக் கணவாய் மற்றொரு பிளவு. அதற்கு அப்பால் அகத்தியமலைப் பகுதியில் வாழும் பறவைகளை மூன்றாவது சிற்றினமாகவே கொள்ளலாம் என்று 2017-ஆம் ஆண்டு ஆய்வு முன்மொழிந்தது. அதனை வெண்வயிற்றுப் பறவையின் உள்வகையாகவே கருதுவோரும் உண்டு.

பாட்டு சொல்லும் செய்தி

இப்போது நாம் வருந்த வேண்டிய இடத்துக்கு வந்திருக்கிறோம். பழைய கணவாய்களை இயற்கை அமைத்தது. புதிய கணவாய்களை நாம் வெட்டினோம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் மலையேறியபின் சோலைகள் தேயிலைத் தோட்டங்களுக்காகவும் விறகுக்காகவும் அழிக்கப்பட்டன. வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த சீகை மரமும் கற்பூர மரம் என்னும் யூகலிப்டஸும் பைன் மரமும் நடப்பட்டன. அந்தப் பழக்கம் நாடு விடுதலை பெற்ற பின்னும் தொடர்ந்தது. பழனிமலையின் மேற்பகுதிப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு 1973-க்கும் 2014-க்கும் இடையே மறைந்துபோனதாகச் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு செய்த ஆய்வு 2018-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. தோப்புகளும் விவசாயமுமே அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன.

‘அவையும் மரங்கள்தாமே? பறவை அங்கே போய்விட வேண்டியதுதானே?’ என்று கேட்கத் தோன்றும். பைன் தோப்பின் தரையைப் பார்த்தவர்கள் இக்கேள்வியைக் கேட்க மாட்டார்கள். உலர்ந்த ஊசியிலைகள் மட்டும் வழுக்கலாகக் கிடக்கும். பாசி இல்லை, புதர் இல்லை, ஈர இலையடுக்கு இல்லை. நெல் விளையும் வயலில் சிமெண்டுத் தளம் போட்டுவிட்டு, ‘இதுவும் நிலந்தானே’ என்று கேட்பதைப் போன்றது அது.

இடையே தோட்டமும் சாலையும் வந்துவிட்டால், அடுத்த சோலைக்குச் செல்லும் வழி சோலைக்கிளிக்கு அடைபட்டுவிடுகிறது. துண்டுபட்ட சோலைகளில் வாழும் பறவைகளுக்குள் மரபுக் கூறுகள் பிரிந்து வருவதை 2015-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு காட்டியது. அடுத்த ஆண்டு வெளியான மற்றோர் ஆய்வு அவற்றின் பாட்டைப் பற்றியது. பழைய கணவாய்களால் பிரிந்த பறவைகளின் பாட்டு ஒரு விதமாக வேறுபட்டிருந்தது. அண்மைக் காலக் காடழிப்பால் பிரிந்த பறவைகளின் பாட்டு மற்றொரு விதமாக வேறுபட்டிருந்தது. குடும்பத்திலிருந்து பிரிந்து வெளியூரில் வளரும் பிள்ளையின் பேச்சு மாறிவிடுவதைப் போல, இந்தப் பறவையின் பாட்டும் மாறிவிட்டது. காடு வெட்டியவர்கள் எந்தக் கணக்கேட்டிலும் எழுதாத செய்தியை ஒரு சிறு பறவை தன் தொண்டையில் வைத்திருக்கிறது.

உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் சிவப்புப் பட்டியலில் நீலகிரிச் சோலைக்கிளி ‘அழியும் ஆபத்தில் உள்ளது’ என்றும், வெண்வயிற்றுச் சோலைக்கிளி ‘அழிவுக்கு இலக்காகக்கூடியது’ என்றும் இடம்பெற்றுள்ளன. பூமி சூடேறி வருவது இன்னுமொரு கவலை. சமவெளிப் பறவைக்கு வெப்பம் மிகுந்தால் மேலே ஏறிச் செல்லலாம். மலையுச்சியில் இருப்பது எங்கே ஏறும்?

நம்பிக்கை தரும் செய்திகளும் உண்டு. 2012-ஆம் ஆண்டில் மேற்குத் தொடர்ச்சி மலையின் பகுதிகள் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்கப்பட்டன. 2013-ஆம் ஆண்டில் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. பழனிமலையில் முதிர்ந்த தோப்புகளின் நிழலில் சோலை மரக்கன்றுகள் தாமாகவே மீண்டும் முளைத்து வருவதையும் கண்டிருக்கிறார்கள். நாம் சற்றே விலகி நின்றால் சோலை திரும்பி வர ஆயத்தமாகவே இருக்கிறது.

திருச்சியிலிருந்து ஒரு துறவி

இந்த மலைகளை அன்போடு ஆராய்ந்தவர்களில் நம் திருச்சிராப்பள்ளியோடு தொடர்புடையவர் ஒருவர் உண்டு. இயேசு சபைத் துறவியான அருட்தந்தை கே. எம். மத்யூ அவர்கள் திருச்சி தூய வளனார் கல்லூரியில் இராபினாட் உலர்தாவரக் காப்பகத்தை 1967-ஆம் ஆண்டில் நிறுவினார். செடிகளை உலர்த்தித் தாளில் ஒட்டி, பெயரும் இடமும் நாளும் எழுதிப் பாதுகாக்கும் இடம் அது. பழனிமலைத் தாவரங்களைப் பற்றி அவர் எழுதிய பெருநூல் மூன்று தொகுதிகளாக 1999-ஆம் ஆண்டில் வெளிவந்தது. 2004-ஆம் ஆண்டில் அவர் இறைவனடி சேர்ந்தார். ஒரு சோலையில் என்னென்ன மரங்கள் இருந்தன என்று தெரிந்தால்தானே இழந்ததை மீண்டும் நட முடியும்? பெயர் சொல்லி அழைக்கத் தெரிந்துகொள்வதே அன்பின் முதற்படி என்பதை அவருடைய வாழ்வு காட்டுகிறது.

நம் ஆண்டவரும் சந்தையில் சல்லிக் காசுக்கு விற்கப்பட்ட குருவிகளைச் சுட்டிக்காட்டியே சீடர்களுக்கு இறைவனின் பராமரிப்பை விளக்கினார். பறவைகளைச் சகோதரிகளாக எண்ணிய அசிசி நகரத்துப் புனித பிரான்சிசைத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1979-ஆம் ஆண்டில் சூழலியலின் பாதுகாவலராக அறிவித்தார். யாரும் பார்க்காத சோலைக்கிளியையும் படைத்தவர் பார்க்கிறார் என்றால், அதன் வீட்டை இடிப்பதற்கு முன் நாம் ஒருமுறை அஞ்ச வேண்டும் அல்லவா?

நமக்கும் அதற்கும் என்ன உறவு?

தொடக்கத்தில் ஒரு வாக்குக் கொடுத்தேன். அதை இப்போது நிறைவேற்றுகிறேன்.

மண்ணச்சநல்லூர் என்றால் அரிசி. பொன்னி அரிசிக்குப் பெயர் பெற்ற ஊர். ஆலைகளில் நெல் அவியும் மணம் காற்றில் கலந்தே இருக்கும். நம்மில் பலருடைய பெற்றோர் வயலிலோ ஆலையிலோ அரிசி வாணிபத்திலோ உழைத்துத்தான் நம்மைப் படிக்க வைக்கிறார்கள். அந்த நெல்லுக்குத் தண்ணீர் காவிரியிலிருந்து வருகிறது. பெருவளை வாய்க்கால் நம் ஊர் வழியே செல்கிறது.

காவிரிக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? குடகிலிருந்து என்று உடனே விடை சொல்வோம். சரிதான், ஆனால் முழு விடை அன்று. நீலகிரிச் சோலைகளில் ஊறும் ஓடைகள் பவானியாகவும் மோயாறாகவும் இறங்கி, பவானி நகரில் காவிரியோடு கலக்கின்றன. ஆனைமலை, பழனிமலைப் பகுதியில் பிறக்கும் அமராவதி கரூருக்கு அருகே காவிரியோடு கலக்கிறது. பருவமழையில் கொட்டும் நீரைச் சோலையின் இலைமெத்தையும் புல்வெளியின் கருமண்ணும் உறிஞ்சி வைத்துக்கொண்டு, மழை ஓய்ந்த பின்னும் சிறுகச் சிறுகக் கசியவிடுகின்றன. சோலைக்கிளி இலையைப் புரட்டி இரை தேடும் அந்த ஈரத்தரைதான் ஆற்றின் சேமிப்புப் பெட்டி. அந்தத் தரை உலர்ந்தால் முதலில் பறவை மௌனமாகும். பிறகு ஓடை மெலியும்.

ஆகவே சோலைக்கிளியைக் காப்பது யாரோ சில பறவைப் பிரியர்களின் பொழுதுபோக்கு அன்று. நம் இலையில் விழும் சோற்றைக் காப்பதும் ஆகும்.

பள்ளிச் சிறுமிகளாகிய நாம் என்ன செய்யலாம்? அடுத்த முறை கொடைக்கானலுக்கோ உதகைக்கோ சுற்றுலாச் செல்லும்போது, பிளாஸ்டிக் குப்பையைத் திரும்பக் கொண்டு வருவோம். சோலையோரத்தில் பேருந்து நின்றால் பாட்டுப் பெட்டியை நிறுத்திவிட்டு ஐந்து நிமிடம் மௌனமாக நிற்போம். மரம் நடும் விழா என்றால் ‘எந்த மரம்? இது இந்த மண்ணுக்கு உரியதா?’ என்று பணிவோடு கேட்கக் கற்றுக்கொள்வோம். அதற்கு முன், செம்பருத்திச் செடியிலுள்ள தையல்சிட்டை நாள்தோறும் கவனித்து ஒரு குறிப்பேட்டில் எழுதத் தொடங்குவோம். அருகே இருப்பதைக் கேட்கப் பழகாத காது, தொலைவில் இருப்பதைக் கேட்கப் போவதில்லை.

இறுதியாக ஒன்று. நீலகிரிச் சோலைக்கிளியும் வெண்வயிற்றுச் சோலைக்கிளியும் ஒரே வயிற்றுப் பிள்ளைகளைப் போன்றவை. கணவாய் பிரித்த நாளிலிருந்து அவை ஒன்றையொன்று சந்தித்ததில்லை. இனிச் சந்திக்கப் போவதும் இல்லை. ஆனால் ஒன்று குளித்த ஓடையின் நீர் பவானி வழியாகவும், மற்றொன்று குளித்த ஓடையின் நீர் அமராவதி வழியாகவும் இறங்கிவந்து காவிரியில் சேருகின்றன. மலைமேல் சேர முடியாத இரண்டு சகோதரிகளின் வீட்டுத் தண்ணீர் ஒன்றாகக் கலந்து நம் ஊர் வயலில் பாய்கிறது. வாய்க்காலில் புதுத்தண்ணீர் வரும் நாளில் கரையில் நின்று பார்க்கும்போது, அந்தச் சிறு குரல்களையும் நன்றியோடு நினைத்துக்கொள்வோம்!